நெட் டப்பாவோட புது ரவுட்டர சேக்கறது எப்படி? – கேள்வி பதில்

இந்த வாட்டி வந்ததுல முக்காவாசி ஒரே சமாச்சாரம்தான். நெட் கம்பெனிக்காரங்க மாட்டிட்டுப் போன டப்பா இருக்கு, மோடமும் அதுதான் ரவுட்டரும் அதுதான், மாடிக்கு சிக்னல் எட்டலன்னு கடைல புதுசா ஒரு ரவுட்டர் வாங்கியாச்சு, இப்ப ரெண்டையும் எப்படி சேத்து ஓட்டறது.

கேள்வி: புதுசு வாங்கிட்டேன், ஃபைபர் டப்பாவ கழட்டிடலாமா? (மதுரை)

கழட்டாதீங்க. அதுக்குள்ள போற மெல்லிசான மஞ்ச வயர்ல கரண்ட் வரல, வெளிச்சம் வருது, அத நெட்டா மாத்தறது அந்த டப்பாதான், கடைல வாங்கற சாதா ரவுட்டர்ல அதுக்கு ஓட்டையே கிடையாது. போதாததுக்கு டப்பாவோட சீரியல் நம்பர கம்பெனி சைடுல பதிஞ்சும் வச்சிருப்பாங்க. அது இருக்கற இடத்துலயே இருக்கட்டும், அங்கேருந்து லேன் கேபிள் இழுத்து புதுச மாடில வைங்க. மஞ்ச வயர மட்டும் மடக்கி ஆணில சுத்தி வைக்காதீங்க, எல்ஓஎஸ் லைட் (வயர்ல வெளிச்சம் வரலன்னு காட்டறது) செவப்பா மின்ன ஆரம்பிச்சா அப்புறம் லைன்மேன் வந்தாத்தான் உண்டு.

கேள்வி: டப்பாவோட லேன் (LAN, வீட்டு சாமான் மாட்டறது) போர்ட்லேருந்து புது ரவுட்டரோட நீலக் கலர் வேன் (WAN, வெளி நெட் உள்ள வர்றது) போர்ட்டுக்கு கேபிள் போட்டேன். நெட் சூப்பரா வருது, ஆனா மாடில போன்ல தேடினா கீழ இருக்கற பிரிண்டர் காட்டவே மாட்டேங்குது, டிவிக்கும் காஸ்ட் ஆகல.

நெட் வருதுங்கறதால எல்லாம் சரின்னு நினைச்சுட்டு நிறைய பேர் விட்டுடற இடம் இது. பிரிண்டரும் டிவியும் டப்பாவோட வைஃபைல இருக்கு, போன் புது ரவுட்டருக்குப் பின்னாடி இருக்கு. புது ரவுட்டர் தனக்குன்னு தனியா ஒரு நெட்வொர்க் போட்டுடுச்சு, அதாவது ஒரே வீட்ல ரெண்டு நெட்வொர்க், டப்பா ஒரு தடவ நாட் (NAT, வீட்டு அட்ரஸ வெளி அட்ரஸா மாத்தறது) பண்ணுது இது இன்னொரு தடவ பண்ணுது. யூடியூப் பாக்க இது ஒரு தொல்லையும் பண்ணாது, ஆனா பிரிண்டர், காஸ்டிங், சில கேம் எல்லாம் மக்கர் பண்ணும்.

புது ரவுட்டரோட செட்டிங்ஸ்ல ஆபரேஷன் மோட்னு ஒண்ணு இருக்கும், அதுல ஆக்சஸ் பாயின்ட்னு (தனி நெட்வொர்க் போடாம வைஃபை மட்டும் குடுக்கற மோட்) மாத்தி சேவ் பண்ணுங்க, ரீஸ்டார்ட் ஆகி வந்ததும் எல்லாமே டப்பாவோட ஒரே நெட்வொர்க்ல வந்துடும். பழைய அட்ரஸ் போட்டா செட்டிங்ஸ் பக்கம் திறக்கலன்னு பதறாதீங்க, இப்ப அதுக்கே டப்பாதான் ஐபி (நெட்வொர்க்ல அதோட அட்ரஸ்) குடுக்குது, டப்பாவோட டிவைஸ் லிஸ்ட்ல போய் பாத்துக்கலாம். ஒரு நஷ்டம் உண்டு: பசங்களுக்கு நேரக் கட்டுப்பாடு வைக்கற மாதிரி சில வசதி இந்த மோட்ல வேலை செய்யாது. அது கண்டிப்பா வேணும்னா பழையபடியே விட்டுட்டு, எல்லா சாமானையும் புது ரவுட்டர்லயே கனெக்ட் பண்ணிக்கோங்க.

கேள்வி: என்னோடது பழைய ரவுட்டர், அந்த மோடே இல்ல சார்.

பரவால்ல. முதல்ல அதோட லேன் ஐபிய 192.168.1.2னு மாத்துங்க (டப்பா 192.168.1.1ல இருந்தா), அப்புறம் டிஎச்சிபிய (மத்த சாமானுக்கெல்லாம் ஐபி குடுக்கற வேலை) ஆஃப் பண்ணுங்க, அதுக்கப்புறம் கேபிள நீல போர்ட்ல போடாம லேன் போர்ட்ல போடுங்க. டிஎச்சிபிய மறந்துட்டீங்கன்னா ஒரே டாக்டருக்கு ரெண்டு பேர் தனித்தனியா டோக்கன் குடுத்த கதைதான், சில சமயம் நெட் வரும் சில சமயம் வராது, ஏன்னே புரியாது.

கேள்வி: 300 எம்பி பிளான். புது ரவுட்டர்ல டெஸ்ட் பண்ணா 94க்கு மேல ஏற மாட்டேங்குது. கம்பெனில கம்ப்ளைன்ட் குடுக்கவா?

கொஞ்சம் பொறுங்க. 94, 95ல ஆடாம அசையாம நின்னா நடுவுல எங்கயோ 100 எம்பி லிங்க்தான் ஓடுதுன்னு அர்த்தம். விலை கம்மியான ஏசி1200 ரவுட்டர் பலதுல வைஃபை வேகமா இருக்கும், ஆனா வயர் போர்ட் 100தான், அட்டைல 10/100னு போட்டிருந்தா கதை முடிஞ்சுது, கிகாபிட் (1000 எம்பி) போர்ட் உள்ளது மாத்தினாத்தான் ஆகும்.

போர்ட் கிகாபிட்தான்னா கேபிள எடுங்க. முனைல இருக்கற கண்ணாடி மாதிரி பிளக்க வெளிச்சத்துல புடிச்சு வயர எண்ணுங்க, எட்டும் இருக்கணும். நாலுதான் இருந்தா 100க்கு மேல போகவே போகாது. எட்டு இருந்தும் ஒண்ணு சரியா கிரிம்ப் ஆகாம (பிளக்ல அழுந்தாம) பின்னால நின்னாலும் இதே கதைதான். கேட்5இ கேபிள் ஒழுங்கா அடிச்சது போதும், 100 மீட்டர் வரைக்கும் கிகாபிட் போகும், இதவிட காஸ்ட்லியா கடைக்காரர் தலைல கட்டப் பாத்தா வேணாம்னு சொல்லுங்க.

கேள்வி: நியூஜெர்சில இருக்கேன். கேபிள் கம்பெனி குடுத்த மோடம்-ரவுட்டர பிரிட்ஜ் மோட்ல (வெறும் மோடமா மட்டும் ஓடறது) போட்டதும் புது ரவுட்டருக்கு நெட்டே வரல.

கேபிள் மோடம் முதல்ல பாத்த கருவியோட மேக் அட்ரஸ (அதோட அடையாள நம்பர்) புடிச்சு வச்சுக்கும். ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க, மோடத்த மட்டும் போட்டு ஆன்லைன் லைட் நிக்கற வரைக்கும் விடுங்க, அப்புறம் ரவுட்டர போடுங்க, வேன் செட்டிங் ஆட்டோமேட்டிக்லயே இருக்கட்டும்.

நம்ம ஊர் ஃபைபர்ல கதை வேற. இங்க பல கம்பெனில பிரிட்ஜ்னா பிபிபிஓஇ (கம்பெனி நெட்ல லாகின் ஆகற முறை) யூசர்நேம், பாஸ்வேர்ட், விலேன் நம்பர் (லைன்ல நெட்ட தனியா பிரிக்கற நம்பர்) மூணையும் கேட்டு வாங்கிட்டுத்தான் கை வைக்கணும், டப்பால லேண்ட்லைன் போன் சொருகியிருந்தா அது என்னாகும்னும் கேளுங்க. மாடிக்கு சிக்னல் வேணுங்கறதுக்கு மட்டும் இவ்ளோ மெனக்கெடறது என்னப் பொறுத்தவரை வெட்டி வேலை.

கேள்வி: சிசிடிவிய வெளியூர்லேருந்து பாக்க போர்ட் ஃபார்வர்ட் (வெளியேருந்து வர்றத கேமராவுக்கு திருப்பி விடறது) பண்ணேன், ரெண்டு ரவுட்டர்லயும் பண்ணியும் வரல.

டப்பாவோட வேன் ஐபி என்னன்னு பாருங்க. 100.64லேருந்து 100.127 வரைக்கும் எதுலயாவது ஆரம்பிச்சா கம்பெனியே ஒரு பொது ஐபிய பல வீட்டுக்குப் பிரிச்சுக் குடுக்குது, நீங்க தலைகீழா நின்னாலும் போர்ட் தொறக்காது. காசு கட்டி ஸ்டேட்டிக் ஐபி (உங்களுக்குன்னு மாறாத பொது ஐபி) வாங்கணும், இல்லன்னா கேமராவோட ஆப்லயே பாத்துக்கணும்.

கேள்வி: ரெண்டுக்கும் ஒரே வைஃபை பேர் வைக்கலாமா?

கீழ ஒண்ணு மேல ஒண்ணுன்னா தாராளமா, பாஸ்வேர்டும் ஒண்ணா இருக்கணும், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைல ஒண்ண சேனல் 1லயும் இன்னொண்ண 11லயும் வைங்க. ரெண்டும் பக்கத்து பக்கத்துல இருந்தா டப்பாவோட வைஃபைய ஆஃப் பண்ணிடுங்க.

கேள்வி: கரண்ட் போனா ரவுட்டருக்கு மினி யுபிஎஸ் வாங்கினேன், வைஃபை இருக்கு நெட் இல்ல.

டப்பா செத்துக் கெடக்குமே, அதுக்கும் சேத்து குடுக்கணும். ரெண்டு அடாப்டர் ஸ்டிக்கரையும் படிங்க, வோல்ட் அப்படியே பொருந்தணும், ஆம்ப் சமமாவோ கூடவோ இருக்கலாம். ஒண்ணு 12 வோல்ட் இன்னொண்ணு 9 வோல்ட்டா இருந்தா ரெண்டு அவுட்புட்டும் தனித்தனியா இருக்கற மாடலா பாத்து வாங்குங்க.