மங்கலான ரிமோட் டிஸ்ப்ளே: கேள்வி பதில்

ஏசி ரிமோட்டில் எண்கள் தெரியவில்லை, டிஸ்ப்ளேயை வெளிச்சமாக்க வழி உண்டா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ரிமோட் பிரிக்கும் வேலை எனக்குப் பிடித்த வேலை. தெரிந்ததை எல்லாம் சொல்கிறேன். கேட்பதற்கு முன் ஒன்றே ஒன்று செய்யுங்கள்: செல் இரண்டையும் வெளியே எடுத்து மீட்டரில் அளந்து, அந்த எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி (திருச்சி): அண்ணா, பகலில் எண்கள் நன்றாகத் தெரிகின்றன. ராத்திரி விளக்கை அணைத்தால் ஒன்றும் தெரியவில்லை. செல் புதுசு, 1.58 வோல்ட். டிஸ்ப்ளேக்குப் பின்னால் ஒரு எல்இடி வைத்தால் போதுமா?

பதில்: அளந்து எழுதியதற்கு நன்றி தம்பி. பின்னால் வைத்தால் வெளிச்சம் வராது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். இது புரிந்தால் மீதி எல்லாம் எளிது.

அந்த டிஸ்ப்ளே தானாக ஒளி தருவதில்லை. இரண்டு கண்ணாடித் தகடு, நடுவில் திரவப் படிகம், முன்னும் பின்னும் ஒவ்வொரு போலரைசர் பிலிம் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படலம்). பின் பிலிமோடு சேர்த்து வெள்ளிக் காகிதம் மாதிரி ஒரு படலம் ஒட்டியிருக்கும். அறை வெளிச்சம் முன்பக்கமாக உள்ளே போய், அந்தப் படலத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. எண்ணின் எந்தக் கோட்டுக்கு மின்சாரம் போகிறதோ அந்த இடத்தில் மட்டும் ஒளி தடைபட்டுக் கறுப்பாகத் தெரிகிறது. அறையில் வெளிச்சம் இல்லை என்றால் திரும்பி வர ஒன்றும் இல்லை. வெள்ளிப் படலத்துக்குப் பின்னால் எல்இடி வைப்பது மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் விளக்கு ஏற்றுவது போல.

உங்களுக்கு நான் சொல்வது பக்கவாட்டு வெளிச்சம். டிஸ்ப்ளேக்கும் மேலே இருக்கும் பிளாஸ்டிக் ஜன்னலுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருக்கும். அந்த ஓரத்தில் ஒரு சின்ன ஆம்பர் அல்லது பச்சை எல்இடியை, முகம் கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருக்கும்படி வையுங்கள். கண்ணாடியில் கை வைக்கவே வேண்டாம். பழைய வகைப் பச்சையாகப் பாருங்கள். கண்ணைப் பறிக்கும் புதுப் பச்சைக்கு வெள்ளை எல்இடி அளவுக்கு வோல்ட் வேண்டும். ஆம்பருக்குச் சுமார் 2 வோல்ட் போதும். செல் இரண்டும் சேர்ந்து 3 வோல்ட். மீதி 1 வோல்ட்டை 470 ஓம் ரெசிஸ்டர் தாங்கினால் 2 மில்லி ஆம்ப் ஓடும். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அது தாராளம்.

வெள்ளை எல்இடி வாங்காதீர்கள். அதற்கே 3 வோல்ட் அளவுக்கு வேண்டும். புதுச் செல்லில் எரியும், செல் கொஞ்சம் இறங்கியதும் அணைந்துவிடும். ஆம்பர் எல்இடி 2.4 வோல்ட் வரை இறங்கினாலும் எரிந்துகொண்டிருக்கும்.

இணைப்பைச் செல் ஸ்பிரிங்கிலிருந்து எடுங்கள். டிஸ்ப்ளேக்குப் போகும் தடங்களைத் தொடவே கூடாது. அங்கே ஓடுவது திசை மாறி மாறிப் போகும் மின்சாரம். நேர் மின்சாரம் தொடர்ந்து பட்டால் திரவப் படிகம் கெட்டுப்போகும்.

அப்புறம், கட்டாயம் ஒரு புஷ் பட்டன். அழுத்தினால் எரிய வேண்டும், விட்டால் அணைய வேண்டும். கணக்கைப் பாருங்கள்: ஏஏஏ அல்கலைன் செல்லில் சுமார் 1000 மில்லி ஆம்ப் மணி இருக்கும். 2 மில்லி ஆம்ப் இடைவிடாமல் ஓடினால் 500 மணி நேரம், 20 நாளில் செல் காலி. பட்டன் வைத்து ஒரு நாளைக்கு 100 விநாடி எரித்தால் வருஷம் முழுவதற்கும் 20 மில்லி ஆம்ப் மணிதான் ஆகும்.

கேள்வி (மதுரை): அண்ணே, எனக்குப் பகலிலேயே எண்கள் வெளிறித் தெரிகின்றன. இதற்கும் எல்இடிதானா?

பதில்: இல்லை. வெளிறுவது வேறு, இருட்டில் தெரியாதது வேறு. பகலிலேயே கறுப்பு சாம்பல் ஆகிவிட்டது என்றால் டிஸ்ப்ளேக்கு வோல்ட் பற்றவில்லை. எல்இடி வைத்தால் வெளிறிய எண்ணைத்தான் வெளிச்சத்தில் பார்ப்பீர்கள். செல் எத்தனை வோல்ட் என்று எழுதவில்லையே?

கேள்வி (மதுரை, அவரே): ரீசார்ஜபிள் செல் அண்ணே. முழு சார்ஜில் 1.27 காட்டுகிறது.

பதில்: காரணம் அதுதான். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லின் இயல்பே 1.2 வோல்ட். இரண்டும் சேர்ந்து 2.4 அல்லது 2.5. ரிமோட் கட்டளை அனுப்பும், ஏசி கேட்கும், டிஸ்ப்ளே மட்டும் வெளிறும். சாதாரண அல்கலைன் போடுங்கள். ஸ்க்ரூடிரைவரை எடுக்கவே வேண்டாம்.

கேள்வி (சேலம்): சார், அப்படியென்றால் 3.7 வோல்ட் லித்தியம் செல் ஏஏஏ அளவிலேயே கிடைக்கிறதே. அதைப் போட்டால் நல்ல கறுப்பாகத் தெரியுமா?

பதில்: போடாதீர்கள். இரண்டு சேர்ந்தால் 7.4 வோல்ட். உள்ளே இருக்கும் சிப் 3 வோல்ட்டுக்கு ஆனது, உடனே போய்விடும்.

கேள்வி (கோவை): பக்கவாட்டில் வைத்துப் பார்த்தேன் அண்ணா. ஒரு ஓரம் பளிச்சென்றும் மறு ஓரம் இருட்டாகவும் இருக்கிறது. பின் வெளிச்சமாகவே மாற்றிவிட ஆசை. செல் 1.55.

பதில்: பொறுமை இருந்தால் செய்யலாம். கெட்டாலும் பரவாயில்லை என்ற ரிமோட்டில் முதலில் பழகுங்கள். நான் கெடுத்த முதல் கண்ணாடி அவசரத்தில் உடைந்தது: பிளேடை மூலையில் நெம்பினேன், நகக்கண் அளவு சில்லு பெயர்ந்தது, எல்லா எண்ணும் போயிற்று.

பிளேடைக் கண்ணாடியோடு படுக்க வைத்து, பின்படலத்தின் ஒரு மூலையை மட்டும் கிளப்புங்கள். பிறகு விரலால் பிடித்து, தன்மேலேயே மடித்தபடி மெல்ல இழுங்கள். வெள்ளிப் படலமும் பின் போலரைசரும் ஒன்றாகவே வரும். தங்கிய பசையை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். இப்போது ரிமோட்டை ஆன் செய்தால் எண் ஒன்றுமே தெரியாது. பயப்பட வேண்டாம். பின் போலரைசர் இல்லாததால்தான் அப்படி.

புதிய போலரைசர் பிலிமை வெட்டாமல் அப்படியே பின்னால் பிடித்து மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. ஒன்றுமில்லாத கண்ணாடியில் 24 என்ற எண் புகை போல எழும்பி, சுற்றச் சுற்றக் கறுத்து, ஒரு கோணத்தில் அச்சடித்தது போல நிற்கும். அங்கேயிருந்து 90 டிகிரி திருப்பினால் எல்லாம் தலைகீழ்: கறுப்புப் பின்னணியில் எண் வெளிச்சமாக இருக்கும். எது வேண்டுமோ அந்தக் கோணத்தில் கோடு போட்டுவிட்டு வெட்டுங்கள். பெரும்பாலும் கண்ணாடி விளிம்புக்கு 45 டிகிரி சாய்வாகத்தான் வரும். சாய்வு மாறி வெட்டிவிட்டால் பிலிமைக் குப்புறப் போட்டுப் பாருங்கள், சரியாகிவிடும்.

அதற்குப் பின்னால், ஓரத்து வெளிச்சத்தை முழுதும் பரப்பும் பால் வெள்ளை நிற மெல்லிய ஒளித்தகடு, ஓரத்தில் எல்இடி. சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடினால் இதெல்லாம் கிடைக்கும். தகட்டின் தடிமனை அளந்து வாங்குங்கள். கண்ணாடிக்கும் போர்டுக்கும் நடுவில் இருக்கும் கார்பன் ரப்பர் பட்டையின் உயரத்தை விட அது தடித்தால் பட்டை சரியாக அழுந்தாது, எண்கள் விட்டு விட்டுத் தெரியும். மறந்துவிடாதீர்கள், பின் வெளிச்சமாக மாற்றிய பிறகு பகலிலும் விளக்கு வேண்டும். திருப்பி அனுப்பிய வெள்ளிப் படலம் இப்போது இல்லை.

என் வீட்டு ரிமோட்டில் பக்கவாட்டு வெளிச்சம்தான். நிண்டெண்டோ 2001-ல் விட்ட கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்க வீடியோ கேம் கருவியில் விளக்கே கிடையாது. ஆட்கள் தாங்களே பிரித்து, இதே போல முன்பக்கமாக வெளிச்சம் விடும் முன் விளக்குப் பொருத்தினார்கள். 2003-ல் வந்த எஸ்பி மாடலில் கம்பெனியே முன் விளக்கு வைத்தது. பின் விளக்கு அதற்கும் அப்புறம்தான் வந்தது. உங்களுக்கு, மறு ஓரத்தில் இன்னொரு எல்இடியை அதற்கென்று தனி ரெசிஸ்டரோடு வைத்தாலே இருட்டு போய்விடும்.

கேள்வி (ஈரோடு): 8 என்ற எண்ணில் பாதி தெரியவில்லை. வெளிச்சம் வைத்தால் தெரியுமா?

பதில்: தெரியாது. மேலே சொன்ன ரப்பர் பட்டையைப் பாருங்கள். பக்கவாட்டில் பார்த்தால் கறுப்பும் வெளிர் நிறமுமாக நுணுக்கமான வரி தெரியும். கறுப்பு வரி மின்சாரம் கடத்தும், மற்றது கடத்தாது. அதில் அழுக்கு படிந்தால் சில கோடுகள் விட்டுப்போகும். பட்டையையும் போர்டின் தடங்களையும் ஆல்கஹாலில் துடைத்து, உலர்ந்த பின் விரல் படாமல் மாட்டி, ஸ்க்ரூக்களைச் சமமாக இறுக்குங்கள்.

கேள்வி (வேலூர்): என் ரிமோட்டும் மங்கல் சார். என்ன செய்யலாம்?

பதில்: செல் எத்தனை வோல்ட்?

கேள்வி (கும்பகோணம்): சால்டரிங் எனக்கு வராது அண்ணா. வண்டியில் ஒட்டும் ரேடியம் ஸ்டிக்கரை டிஸ்ப்ளேக்குப் பின்னால் ஒட்டினால் ராத்திரி எரியுமா?

பதில்: எரியாது. வண்டி ஸ்டிக்கரில் ரேடியம் கிடையாது, அது ஒளிரவும் ஒளிராது. விழும் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். இருட்டில் பச்சையாக மினுங்கும் ஸ்டிக்கர் வேறு. அதில் இருப்பது பெரும்பாலும் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் அல்லது துத்தநாக சல்பைடு. பகல் வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். டிஸ்ப்ளேக்குப் பின்னால் வைத்தால் இரண்டு போலரைசரையும் தாண்டி உள்ளே போவதே குறைவு, திரும்பி வருவது அதைவிடக் குறைவு.

கேள்வி (நாகர்கோவில்): பெயரில் ரேடியம் இருக்கிறது, பொருளில் இல்லை என்கிறீர்கள். என் அப்பாவின் பழைய வாட்ச் முள்ளில் நிஜ ரேடியம் உண்டு. சின்ன வயதில் ராத்திரி பூராவும் எரிந்ததைப் பார்த்திருக்கிறேன். இப்போது எரிவதில்லை. ரேடியம் தீர்ந்துவிட்டது.

பதில்: ஐயா, தீரவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 1600 வருஷம். உங்கள் அப்பா கட்டிய நாளில் இருந்தது இன்றும் அநேகமாக முழுசாக அங்கேயே இருக்கிறது. தேய்ந்து போனது அதோடு கலந்த துத்தநாக சல்பைடு. ரேடியத்தின் கதிர் பட்டு ஒளி தந்த பொருள் அது. இடைவிடாமல் அடி வாங்கி ஓய்ந்துவிட்டது. ஒளி இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று எண்ணாதீர்கள். அந்த வாட்ச்சைத் திறக்க வேண்டாம்.

கேள்வி (நாகர்கோவில், அவரே): அப்பா 30 வருஷம் கையில் கட்டியிருந்தார், ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்.

பதில்: கட்டுவதும் திறப்பதும் ஒன்றல்ல ஐயா. ரேடியம் விடுவதில் பெரும்பகுதி ஆல்ஃபா கதிர், வாட்ச் கண்ணாடியைக்கூட அதனால் தாண்ட முடியாது. அப்பாவைக் காத்தது அந்தக் கண்ணாடி. ஆனால் பழைய வண்ணம் காய்ந்து பொடியாக உதிரும். திறந்து சுரண்டினால் அந்தத் தூசி மூச்சோடு உள்ளே போகும், எலும்பில் போய்த் தங்கும். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1917 முதல் கடிகார முகங்களுக்கு ரேடியம் பூசிய பெண்கள், பிரஷ் முனை கூராக வேண்டும் என்று உதட்டில் வைத்து நனைத்தார்கள். அப்படிச் செய்யும்படிதான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தாடை எலும்பு அரித்துப் பலர் இறந்தார்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அப்பாவின் நினைவாக வாட்ச்சை வைத்துக்கொள்ளுங்கள், மூடியபடியே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): நானும் மினுங்கும் ஸ்டிக்கரை ரிமோட்டில் ஒட்டியிருக்கிறேன் சார். டிஸ்ப்ளேக்குப் பின்னால் இல்லை, பவர் பட்டனைச் சுற்றி வளையமாக. ராத்திரி கை தானாக அங்கே போகிறது. அது தப்பா?

பதில்: நல்ல யோசனை! கும்பகோணத்துக்காரர் இதையே செய்யலாம், சால்டரிங் வேண்டாம். படுக்கப் போவதற்கு முன் ரிமோட்டை விளக்கடியில் கொஞ்ச நேரம் வையுங்கள், நன்றாக மினுங்கும். ஜன்னல் வெயிலில் மட்டும் வைக்காதீர்கள். சூடு ஏறினால் டிஸ்ப்ளே முழுக்கக் கறுத்துவிடும்.

கேள்வி (காஞ்சிபுரம்): 12 வருஷ யுனிவர்சல் ரிமோட். பட்டன் அழுத்தினால் டிஸ்ப்ளே பூராவும் நீலப்பச்சையாக ஒளிரும், மெல்லிய ரீங்காரம் கேட்கும். இப்போது ஒளி வெகுவாகக் குறைந்துவிட்டது. செல் 1.56.

பதில்: ரீங்காரத்தைக் குறிப்பிட்டது நல்லதாயிற்று. அது எல்இடி இல்லை, எலெக்ட்ரோலூமினசன்ட் தாள்: மின்சாரம் கொடுத்தால் தாளே ஒளிரும். 1992-ல் டைமெக்ஸ் வாட்ச்சில் இண்டிக்ளோ என்று வந்ததும் இந்த வகைதான். எரிந்த நேரத்துக்கு ஏற்ப அதில் ஒளி தரும் பாஸ்பர் பூச்சு மங்கும், திரும்ப ஏறாது. செல் போட்ட நிலையில் பிரிக்காதீர்கள். அந்தத் தாளுக்குச் சுமார் 100 வோல்ட் போகிறது, தொட்டால் சுரீர் என்று அடிக்கும். தாளை எடுத்துவிட்டு எல்இடி ஒளித்தகடு வைக்கலாம். இதில் வெள்ளிப் படலத்தை உரிக்கும் வேலை இல்லை, பின்னால் ஒளி வருவதற்கென்றே செய்த கண்ணாடி.

கேள்வி (புதுச்சேரி): டிஸ்ப்ளேயில் பழுப்பாகத் திட்டுத் திட்டாக இருக்கிறது. பிரித்தால் புளித்த வாடை.

பதில்: போலரைசர் பிலிம் கெட்டுவிட்டது. அதன் மேல் அடுக்கு சிதையும்போது அசெட்டிக் அமிலம் வரும், வினிகர் வாடை அதுதான். பிலிமை மாற்ற வேண்டும், முறை கோவைக்கு எழுதியதில் இருக்கிறது.

கேள்வி (ஓசூர்): டிவி திரையே மங்கலாக இருக்கிறது சார்.

பதில்: டிவி எனக்குப் பழக்கமில்லாத வேலை. டிவி மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): அண்ணாச்சி, ரிமோட் டிஸ்ப்ளே மங்கலாக இருக்கிறது. வெள்ளை எல்இடி வாங்கிவிட்டேன். எங்கே வைக்க?

பதில்: வெள்ளை வேண்டாம் என்று முதல் பதிலிலேயே எழுதியிருக்கிறேன். அதை முழுக்கப் படித்துவிட்டு, செல்லை அளந்துவிட்டு வாருங்கள்.

கேள்வி (வேலூர், முன்பு கேட்டவர்): அளந்துவிட்டேன் சார். ஒன்று 1.49, இன்னொன்று 1.08.

பதில்: ஒன்று போய்விட்டது. இரண்டையும் எடுத்துவிட்டு ஒரே ஜோடியாகப் புதுசு போடுங்கள், பழசும் புதுசும் கலக்க வேண்டாம். ஸ்பிரிங்கில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் பஞ்சில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, ஈரத்துணியால் இன்னொரு முறை துடைத்து, நன்றாகக் காயவிட்டு அப்புறம் செல்லைப் போடுங்கள்.