வீடு மாறும்போது கரப்பான்கள் கூடவே வராமல் தடுப்பது எப்படி?

கும்பகோணத்துப் பழைய ஓட்டு வீட்டிலிருந்து தஞ்சாவூர் அடுக்குமாடி வீட்டுக்கு மாறுகிறோம், கரப்பானும் வந்துவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். கவனிக்காவிட்டால் நிச்சயம் வரும்.

சாக்கடையிலிருந்து ஏறிவரும் பெரிய செந்நிறக் கரப்பான் பெரும்பாலும் பழைய இடத்திலேயே தங்கிவிடும். அதன் முட்டைக்கூடு மட்டும் கட்டில், அலமாரிப் பலகைகளின் அடியில் ஒட்டியிருக்கலாம், சுரண்டி நசுக்கிவிடுங்கள். உண்மையில் பயப்பட வேண்டியது ஜெர்மன் கரப்பானுக்குத்தான். ஒன்றரை சென்டிமீட்டர் நீளம், தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகள். ஒரு முட்டைப் பையில் 30 முதல் 40 முட்டைகள் இருக்கும். பொரியும் தருவாய் வரை தாய் அதை உடலிலேயே சுமக்கும். அப்படி ஒன்று மிக்சிக்கு அடியில் ஒளிந்து வந்தாலே போதும்.

ஆகவே ஃபிரிட்ஜின் பின்புற மோட்டார்ப் பகுதி, மிக்சி, கிரைண்டர் ஆகியவற்றை முதலில் பாருங்கள். வெதுவெதுப்பும் இருட்டும் அங்கேதான். மின் இணைப்பைத் துண்டித்து, டார்ச் அடித்துப் பார்த்து, பிரஷ்ஷால் தட்டித் துடையுங்கள். புறப்படுவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே சமையலறை இடுக்குகளில், குழந்தைகள் கைக்கு எட்டாதபடி, கரப்பான் ஜெல்லைப் புள்ளி புள்ளியாக வையுங்கள். அதன்மேல் ஸ்பிரே அடிக்காதீர்கள். பிறகு கரப்பான் அதைத் தின்னாது.

மளிகைக் கடைப் பழைய அட்டைப் பெட்டிகள் வேண்டவே வேண்டாம். அவற்றின் நெளிவுகளுக்குள் குஞ்சுகள் பதுங்கும். டப்பாக்களைக் கழுவி வெயிலில் காயவையுங்கள். ஐப்பசி அடைமழையில் மாறுவதானால் துணியால் ஈரம் போகத் துடையுங்கள்.

பால் காய்ச்சிய பிறகு சாமான் இறக்க ஓரிரு நாள் இடைவெளி விட்டால், காலி வீட்டில் குழாய் நுழையும் துளைகளை வெள்ளைச் சிமெண்டால் நிதானமாக அடைத்துவிடலாம்.