"உள்ளது உள்ளபடி" என்று எழுதிவிட்டால் போதுமா?

கேள்வி: என்னிடம் ஃபெராரி நிறுவனம் தயாரித்த 1972ஆம் ஆண்டு டினோ 246 ஜிடி கார் இருக்கிறது. எனக்கு முன்பு வைத்திருந்தவர் இன்ஜினை மாற்றியிருக்கிறார். போட்டிருப்பதும் அதே மாடல் இன்ஜின்தான். டீலர் இல்லாமல் நானே விற்கிறேன். வாங்க வந்தவர், "எல்லாம் ஒரிஜினல்தானே?" என்று கேட்கிறார். ஒப்பந்தத்தில் "உள்ளது உள்ளபடி", அதாவது இருக்கும் நிலையிலேயே குறைகளோடு வாங்குகிறார் என்று எழுதிவிட்டால் பின்னால் பிரச்சினை வராதல்லவா?

பதில்: வரும். தெரிந்தே பொய் சொல்லிவிட்டு அந்த வாசகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள நீதிமன்றம் விடாது.

ஆங்கிலேயச் சட்ட மரபில், தனிநபர் விற்கும்போது பார்த்து வாங்குவது பொதுவாக வாங்குபவர் பாடு. எல்லாக் குறையையும் நீங்களாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர் கேட்டுவிட்டாரே! இனி "ஆமாம்" என்றாலும், தலையை ஆட்டினாலும், "மாடலுக்கு உரிய இன்ஜின்தான்" என்று மழுப்பினாலும் ஒப்பந்தத்தை ரத்து செய்து பணத்தைத் திருப்பிக் கேட்க வழி பிறக்கும். இத்தாலியில் இன்னும் கறார்: தெரிந்த குறையைக் கெட்ட எண்ணத்தோடு மறைத்தவருக்குப் பொறுப்பு விலக்கு வாசகம் செல்லாது என்று சிவில் சட்டத்தின் 1490ஆம் பிரிவே சொல்கிறது.

இந்த மாதிரி பழைய வண்டியில், இன்ஜின் எண் தொழிற்சாலைப் பதிவோடு பொருந்துகிறதா என்பது விலையைப் பாதிக்கும். இன்றில்லாவிட்டாலும் நாளை அவர் ஒப்பிட்டுப் பார்ப்பார். அதனால் ஒப்பந்தத்தில் இப்படி எழுதுங்கள்: "இப்போது உள்ள இன்ஜினின் எண் இது. இது தொழிற்சாலையில் பொருத்திய இன்ஜின் அல்ல. இதை அறிந்தே வாங்குகிறேன்." அந்த வரிக்குப் பக்கத்திலேயே அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டின் படத்தையும் இணையுங்கள். விலை இறங்கும்தான். வழக்கில் மாட்டுவதைவிட அது மேல்.

அப்புறம், விளம்பரம். டினோ தொழிற்சாலையிலிருந்து ஃபெராரி சின்னம் இல்லாமல்தான் வந்தது. பின்னால் ஒட்டிக்கொண்டவர்கள் நிறைய. உங்கள் வண்டியிலும் இருந்தால் "ஒரிஜினல் சின்னம்" என்று எழுதிவைக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் விளையாட்டாகத் தட்டிய வரிகூட சாட்சியாக வந்து நிற்கும்.

பணம் உங்கள் கணக்கில் ஏறியதை வங்கியிலேயே உறுதி செய்த பிறகு சாவியைக் கொடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம். பெயர் மாற்றத்தை அவர் பொறுப்பில் விடாதீர்கள். அது முடியும்வரை அபராதமும் விபத்து நோட்டீஸும் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும் முன் அதற்கு இன்சூரன்ஸ் செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்ஜின் மாற்றிய பில் கையில் இருக்கிறதா? இருந்தால் நகலை ஒப்பந்தத்தோடு சேருங்கள். இல்லையென்றால் கையெழுத்துப் போடும் முன் பழைய உரிமையாளரிடம் கேட்டு வாங்கப் பாருங்கள்.