டேங்கர் ஆபரேஷன்ஸிலிருந்து பிசினஸ் டெவலப்மென்ட்: எம்பிஏவுக்கு முன் டெமரேஜ்

ஆறு வருடம் டேங்கர் ஆபரேஷன்ஸில் இருந்தும் பிசினஸ் டெவலப்மென்ட் நேர்காணலில் இரண்டு முறை தட்டிப்போனது, எம்பிஏ படிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். தெரிந்த வேலையைப் பணக் கணக்காகச் சொல்ல வராததுதான் சிக்கல் என்று தோன்றுகிறது.

லேடைமில், அதாவது சரக்கை ஏற்றி இறக்க ஒப்பந்தம் தரும் நேரத்தில், தொடங்குங்கள். டேங்கர் ஒப்பந்தங்களில் ஏற்றி இறக்க வழக்கமாக 72 மணி நேரம். கப்பல் தயார் என நோட்டீஸ் கொடுத்து 6 மணி கழிந்ததும், அல்லது பெர்த்தில் (துறைமுகத்தில் கப்பல் நின்று சரக்கு ஏற்றி இறக்கும் இடம்) கட்டியதும், எது முந்தியோ அப்போதிருந்து கணக்கு ஓடும். 82 மணி ஆகி, டெமரேஜ் (அந்த நேரம் தாண்டினால் கப்பல் உரிமையாளருக்குத் தரும் தாமதக் கட்டணம்) நாளுக்கு 36,000 டாலர் என்றால் கூடுதல் 10 மணிக்கு 15,000 டாலர். கப்பலின் பம்ப் பழுதான நேரம், நங்கூரத்திலிருந்து பெர்த்துக்கு வரும் நேரம் பொதுவாக இந்தக் கணக்கிலிருந்து கழிக்கப்படும், சண்டையெல்லாம் இங்கேதான். பல ஒப்பந்தங்களில் 90 நாளுக்குள் ஆவணங்களோடு டெமரேஜ் கோராவிட்டால் மொத்தமும் போச்சு.

அடுத்தது வேர்ல்ட்ஸ்கேல், அதாவது டேங்கர் சரக்குக் கட்டணத்தை அடிப்படைக் கட்டணத்தின் சதவீதமாகச் சொல்லும் முறை. அடிப்படைக் கட்டணம் டன்னுக்கு 12 டாலர், சந்தை 150 என்றால் 18 டாலர். 80,000 டன்னுக்கு 14.4 லட்சம் டாலர்.

ரெஸ்யூமேயில் ‘கப்பல்களைக் கையாண்டேன்’ என்பதை நீக்கி, எத்தனை டெமரேஜ் க்ளெய்ம் பார்த்தீர்கள், எவ்வளவு டாலர் குறைத்தீர்கள் என்று எழுதுங்கள். வாடிக்கையாளர் பெயர் மட்டும் வேண்டாம்.