தாலியைக் கழற்ற வேண்டுமா? இடுப்பு எம்.ஆர்.ஐ. பற்றி ஒரு ரேடியாலஜிஸ்டின் பதில்கள்

வந்திருக்கும் கேள்விகளில் பாதி, ஸ்கேனுக்கு முந்தைய நாள் இரவில் எழுதியவை. மீதிப் பாதி, ரிப்போர்ட் கைக்கு வந்த அன்று இரவில். முதல் கூட்டத்தின் பயத்தைப் போக்குவது சுலபம். இரண்டாவது கூட்டத்துக்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும்.

லிஃப்டில் போகவே எனக்குப் பயம். எம்.ஆர்.ஐ. குகை மாதிரி இருக்கும், மூச்சு முட்டும் என்கிறார்கள். என்ன செய்வது? (மதுரை வாசகி)

குகை இல்லை, இரண்டு பக்கமும் திறந்த குழாய். வாய் அகலம் 60 செ.மீ., புது மெஷின்களில் 70. உள்ளே விளக்கு எரியும், காற்றும் வரும். உங்களுக்கு ஒரு சின்ன அதிர்ஷ்டமும் இருக்கிறது. குழாயின் நடுவே வர வேண்டியது இடுப்புதான் என்பதால், தலை பெரும்பாலும் வாசலுக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். சில சென்டர்களில் கால் முதலில் போகிற மாதிரிகூடப் படுக்க வைப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

கண்ணை எப்போது மூட வேண்டும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு மூடினால் பயன் இல்லை. டேபிள் நகரும் முன்பே மூடிவிடுங்கள், மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். கையில் ரப்பர் பல்ப் ஒன்று தருவார்கள். அமுக்கினால் டெக்னீஷியன் உடனே பேசுவார், தேவையென்றால் வெளியே இழுத்துவிடுவார். கூட வந்தவரிடம் உலோகம் எதுவும் இல்லையென்று சோதித்துவிட்டு அவரையும் அறைக்குள் அனுமதிக்கும் இடங்கள் உண்டு. இதெல்லாம் போதாது என்றால் லேசான மயக்க மருந்து இருக்கிறது. அதற்கு வெறும் வயிற்றில் வர வேண்டும், திரும்பும்போது நீங்கள் வண்டி ஓட்டக் கூடாது.

எவ்வளவு நேரம் ஆகும்? ஏன் அவ்வளவு சத்தம்? (திருச்சி வாசகர்)

சாதாரண இடுப்பு ஸ்கேனுக்கு 20 முதல் 30 நிமிடம். காந்தத்துக்குள் இருக்கும் கம்பிச் சுருள்களில் மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டு நிறுத்துவார்கள். அப்போது அந்தச் சுருள்கள் அதிர்கின்றன. அந்த அதிர்வுதான் பக்கத்து வீட்டில் போர் போடுகிற மாதிரி கேட்கிறது. காதில் அடைக்க பஞ்சோ ஹெட்போனோ தருவார்கள். தர மறந்தால் கேட்டு வாங்குங்கள், 100 டெசிபலைத் தாண்டுகிற சத்தம் அது.

எக்ஸ்-ரே, சி.டி. ஸ்கேனில் இருக்கும் கதிர்வீச்சு இதில் கிடையாது. காந்தமும் ரேடியோ அலைகளும் மட்டும்தான். உடம்பு லேசாகச் சூடாவது போல இருக்கலாம், அதில் தவறில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டாம். இடுப்பு அசையாமல் இருந்தால் போதும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கச் சொல்லுங்கள், வலி கொஞ்சம் குறையும். மல்லாந்து அரை மணி நேரம் படுக்கவே முடியாது என்கிற அளவு வலி என்றால், அரை மணி முன்னால் வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். இத்தனை சத்தத்திலும் தூங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தூக்கத்தில் புரண்டுவிடாத வரை எங்களுக்கும் சந்தோஷம்.

தாலியைக் கழற்றியே ஆக வேண்டுமா? மாமியார் கூடாது என்கிறார். மெட்டியோ கழறவே மாட்டேன் என்கிறது. (தஞ்சாவூர் வாசகி)

சுத்தத் தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் நகையில் என்ன கலந்திருக்கிறது என்பது தட்டாருக்குத்தான் தெரியும். போதாததற்கு, சங்கிலி சூடாகலாம், படத்தையும் கெடுக்கலாம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, தாலிச் சரட்டில் நம் பெண்கள் மாட்டி வைத்திருக்கும் ஊக்கு. அது இரும்பு, பறக்கும். மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிப் போட்டுக்கொண்டு உள்ளே போவதில் எங்களுக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. நிறையப் பேர் அப்படித்தான் வருகிறார்கள், மாமியாரும் சம்மதித்துவிடுவார். மெட்டியை முந்தைய நாள் இரவே சோப்புத் தண்ணீரில் முயன்று பாருங்கள். வரவில்லையென்றால் மறைக்காமல் டெக்னீஷியனிடம் சொல்லிவிடுங்கள்.

ஆண்கள் சிரிக்க வேண்டாம். வெள்ளி அரைஞாணும் தாயத்தும் சரியாக நாங்கள் படம் பிடிக்கும் இடத்திலேயே இருக்கின்றன. எத்தனையோ பேர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இதை மட்டும் மறந்துவிட்டு வருவார்கள். படத்தில் பார்க்க வேண்டிய எலும்பு இருக்கும் இடத்தில் கறுப்பு ஓட்டை விழுந்திருக்கும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்றால், பெரும்பாலான மெஷின்களின் பலம் 1.5 டெஸ்லா. பூமியின் காந்தப்புலத்தைப் போல 30,000 மடங்குக்கு மேல். ஸ்கேன் நடக்காத நேரத்திலும் காந்தம் அணைவதில்லை. 2018-ல் மும்பை மருத்துவமனை ஒன்றில் ஆக்சிஜன் சிலிண்டரோடு அறைக்குள் போன இளைஞரைச் சிலிண்டரோடு சேர்த்து இழுத்துவிட்டது, அவர் பிழைக்கவில்லை. அவர் நோயாளி அல்ல, நோயாளிக்குத் துணைக்கு வந்தவர்.

எனக்குக் காலில் பிளேட், அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட். நான் லேத் பட்டறையில் வேலை. எங்களுக்கு எடுக்கலாமா? (கோவை வாசகர்)

எலும்பில் வைத்த டைட்டானியம் பிளேட்டும் இதய ஸ்டென்ட்டும் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் கொண்டு வாருங்கள். பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த காக்ளியர் கருவி, மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப் இருப்பவர்கள் அந்தக் கருவியின் அட்டை இல்லாமல் அறை வாசலைக்கூட மிதிக்கக் கூடாது. எம்.ஆர்.ஐ.க்கு ஏற்ற பேஸ்மேக்கர்கள் இப்போது உண்டு. ஆனால் அதற்கு இதய மருத்துவர் முன்கூட்டியே அமைப்பை மாற்றித் தர வேண்டும்.

பிளேட், ஸ்டென்ட்டை விட நான் கவலைப்படுவது உங்கள் கடைசி வரிக்குத்தான். லேத், கிரைண்டிங், வெல்டிங் வேலை செய்கிறவர்களின் கண்ணில் இரும்புத்தூள் குத்தி, எடுக்கப்படாமல் உள்ளேயே இருக்கலாம். காந்தத்துக்குள் அது நகர்ந்தால் பார்வையே போகும். எப்போதாவது கண்ணில் இரும்பு பட்டிருந்தால் சொல்லுங்கள், கண்ணுக்கு ஒரு எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்துவிட்டு அனுப்புவார்கள்.

சாப்பிடலாமா? ஊசி போடுவார்களா? (நெல்லை வாசகி)

மயக்க மருந்து இல்லையென்றால் சாப்பிடலாம், வழக்கமான மாத்திரைகளையும் போடலாம். படத்தைத் தெளிவாக்கப் போடும் ஊசி மருந்து, இடுப்புக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. கிருமித்தொற்று, கட்டி என்ற சந்தேகம் இருந்தாலோ, ஏற்கெனவே முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தாலோதான் போடுவார்கள். சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், இரண்டையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வயது 38. ரிப்போர்ட்டில் எல்4–எல்5, எல்5–எஸ்1 டிஸ்க் பல்ஜ், டெசிகேஷன், தீக்கல் சாக் இன்டென்டேஷன் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறது. கட்டிலை விட்டு எழவே பயமாக இருக்கிறது. ஆபரேஷன் வேண்டுமா? (ஓசூர் வாசகர்)

முதலில் எழுந்திருங்கள். படுத்தே கிடந்தால் இடுப்பு வலி கூடத்தான் செய்யும்.

டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை. அது பிதுங்கியிருப்பதுதான் பல்ஜ். எல்4, எல்5, எஸ்1 எல்லாம் அந்த எலும்புகளின் பெயர்கள். அப்புறம் ஒரு கணக்குச் சொல்கிறேன். 1994-ல் அமெரிக்காவில் இடுப்பு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 52 சதவீதம் பேருக்கு ஒரு டிஸ்காவது பிதுங்கியிருந்தது. எல்லா டிஸ்க்கும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். 2015-ல் வெளியான இன்னொரு தொகுப்பில் வலி இல்லாத 3,110 பேரின் படங்கள். 40 வயதில் பாதிப் பேருக்குப் பல்ஜ், 68 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம். அதாவது உங்கள் தெருவில் வலி இல்லாமல் நடமாடுகிற உங்கள் வயதுக்காரர்களைப் பிடித்து ஸ்கேன் எடுத்தாலும், பலருக்கு உங்கள் ரிப்போர்ட்தான் வரும்.

டெசிகேஷன் என்றால் டிஸ்க்கில் ஈரப்பதம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். நரை மாதிரி. தீக்கல் சாக் இன்டென்டேஷன் என்றால் பிதுங்கிய டிஸ்க், நரம்புகளைச் சுற்றியுள்ள உறையைத் தொட்டு லேசாகக் குழி விழ வைக்கிறது என்று அர்த்தம். நரம்பு நசுங்கிவிட்டது என்று அல்ல. ஹெமாஞ்சியோமா என்று ஒரு வார்த்தை இருந்தால், பெரும்பாலும் அது எலும்புக்குள் இருக்கும் சாதுவான ரத்தக்குழாய் முடிச்சு. பெயரைக் கூகுளில் தேடித் தூக்கம் கெட்டவர்கள் ஏராளம்.

நான் உங்கள் ரிப்போர்ட்டில் தேடுவது வேறு வார்த்தைகளை. நரம்பு வேர் அழுந்தியிருக்கிறதா, எந்தப் பக்கம், உங்கள் கால் வலி அதோடு ஒத்துப்போகிறதா? எல்4–எல்5-ல் பிதுங்கினால் சாதாரணமாகப் பாதிக்கப்படுவது எல்5 நரம்பு. வலியும் மரப்பும் பாதத்தின் மேல்புறம், கட்டைவிரல் பக்கம் வரும். எல்5–எஸ்1 என்றால் எஸ்1 நரம்பு, சுண்டுவிரல் பக்கம் போகும். வலது பக்க நரம்பு அழுந்தியிருக்கிறது என்று படம் சொல்லி, உங்களுக்கு இடது கால் வலித்தால், குற்றவாளி அந்த டிஸ்க் இல்லை. இதை முடிவு செய்கிறவர் உங்களைத் தொட்டுப் பார்த்து, காலைத் தூக்கிப் பார்க்கிற மருத்துவர்தான். ரிப்போர்ட் எழுதுகிற நான் பெரும்பாலும் உங்களைப் பார்த்ததே இல்லை. அதனால்தான் சொல்கிறேன், சென்டரில் தரும் படிவத்தில் ‘இடுப்பு வலி’ என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தக் கால், எத்தனை நாள், எங்கே மரக்கிறது என்று எழுதுங்கள்.

டிஸ்க் கிழிந்து நன்றாக வெளியே வந்திருந்தாலும் (எக்ஸ்ட்ரூஷன் என்பார்கள்) உடம்பே அதைப் பல சமயம் கரைத்துவிடுகிறது. பெரிதாக வந்தவைதான் அதிகம் சுருங்குகின்றன என்பது கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் உண்மை.

வலி வந்து பத்து நாள் ஆகிறது. நானே நேராகப் போய் ஸ்கேன் எடுத்துவிடவா? (சென்னை வாசகர்)

வேண்டாம். இப்படித் திடீரென வரும் இடுப்பு வலி, சில வாரங்களில் தானாகக் குறையக்கூடியது. இப்போது படம் எடுத்தால் ஓசூர் நண்பரின் ரிப்போர்ட்தான் உங்களுக்கும் கிடைக்கும், பயத்தோடு சேர்த்து. ஆறு வாரம் வைத்தியம் பார்த்தும் கால் வலி விடவில்லை என்றால் எடுக்கலாம்.

ஆனால் சிலதுக்கு ஆறு வாரம் இல்லை, ஆறு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது தெரியாமல் கசிவது, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போவது. இரவு பன்னிரண்டு மணியானாலும் பெரிய மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பாதம் தூக்க வராமல் செருப்பு தானாகக் கழன்று விழுந்தால், அன்றே டாக்டரைப் பாருங்கள். மாலையில் காய்ச்சல், எடை குறைதல், இரவில் கூடும் வலி என்றால் நம் ஊரில் முதுகெலும்பு டி.பி.யை நினைக்காமல் இருக்க முடியாது. முன்பு புற்றுநோய் வந்தவர்களும், விழுந்து அடிபட்டவர்களும் தள்ளிப்போட வேண்டாம்.

1.5 டெஸ்லா நல்லதா, 3 டெஸ்லாவா? கட்டணம்? (சேலம் வாசகர்)

இடுப்புக்கு 1.5 தாராளமாகப் போதும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளில் நடத்தும் ஸ்கேன் மையங்களில் கட்டணம் தனியாரைவிடக் குறைவு. எங்கே எடுத்தாலும் படங்கள் பதிந்த குறுந்தகட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை படம் எடுக்கப் போகும்போது ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டு வராமல் அந்தப் பழைய படத்தையும் கொண்டு வாருங்கள். பல்ஜ் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.