டெனிஸ் புரூட்டஸ் கவிஞரா, போராளியா?

இரண்டில் எது முதலில் என்று கேட்டிருக்கிறீர்கள். பிரித்துப் பார்ப்பது கடினம். தென்னாப்பிரிக்கப் பள்ளி ஆசிரியரான இவர் (1924–2009), நிறவெறி அரசின் அணியை ஒலிம்பிக்கிலிருந்து வெளியேற்றப் பாடுபட்டவர். 1963இல் காவலர் பிடியிலிருந்து தப்பிக்க முயன்றபோது ஜோகன்னஸ்பர்க் தெருவில் காவலர் சுட்ட குண்டு முதுகில் பாய்ந்தது. வந்த ஆம்புலன்ஸ் வெள்ளையருக்கானதாம், ஏற்றாமலே திரும்பிவிட்டது. ரத்தம் வழிய அடுத்த வண்டிக்குக் காத்துக் கிடந்தார். பிறகு ராபன் தீவுச் சிறையில் கல்லுடைப்பு. மண்டேலாவும் அதே சிறையில்தான். விடுதலையான பின்னும் எழுத்தை வெளியிடத் தடை. மனிதர் சும்மா இருக்கவில்லை. சகோதரரின் மனைவி மார்த்தாவுக்கு எழுதும் கடிதங்களாகவே சிறைக் கவிதைகளை எழுதினார்! அவை 1968இல் லண்டனில் நூலாயின. 2007இல் தென்னாப்பிரிக்க விளையாட்டுப் புகழரங்கில் இடம் தேடிவந்தபோது, நிறவெறி விளையாட்டை ஆதரித்தவர்களோடு ஒரே வரிசையில் நிற்க மாட்டேன் என்று மேடையிலேயே மறுத்துவிட்டார்.