டெக்ஸ் வில்லர் படித்து வளர்ந்தவர்களுக்கு நான் கொடுக்கும் புத்தகங்கள்

கேள்வி: லயன், முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவன் நான். டெக்ஸ் வில்லர், கேப்டன் டைகர், லக்கி லூக் என்று கௌபாய் ஹீரோக்களை எல்லாம் கரைத்துக் குடித்தாயிற்று. புதிதாக வந்திருக்கும் கிராஃபிக் நாவல்களில் எவற்றைப் படிக்கலாம்?

பதில்:

முதலில் 'டக்ஸ்'. வேறு எதையும் வாங்காவிட்டாலும் இதை வாங்கிவிடுங்கள்.

2022-இல் வந்த புத்தகம். எழுதி வரைந்தவர் கனடாவைச் சேர்ந்த கேட் பீட்டன். கிழக்குக் கடலோரத்தில் கேப் பிரெட்டன் என்று ஒரு தீவு. மீன்பிடியும் நிலக்கரியும் நொடித்துப்போன ஊர். வேலை வேண்டுமென்றால் அங்கிருந்து கிளம்பியாக வேண்டும், பல தலைமுறைகளாக அப்படித்தான். கேட் பீட்டனும் கல்லூரி முடித்த கையோடு கிளம்புகிறார். கல்விக்கடனை அடைக்க 2005-இல் நாட்டின் மறுகோடியில் இருக்கும் ஆல்பர்ட்டாவுக்குப் போகிறார். மணலோடு கலந்து கிடக்கும் தாரைத் தோண்டி எண்ணெய் எடுக்கும் இடம் அது. வீடு உயரத்துக்கு லாரிகள். எலும்பு வரைக்கும் இறங்கும் குளிர். எங்கு பார்த்தாலும் ஆண்கள், நடுவில் விரல்விட்டு எண்ணும்படி சில பெண்கள்.

தொழிலாளர்களுக்குக் கருவிகளை எடுத்துக் கொடுக்கும் அறையில் அவருக்கு வேலை. புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள் என்று பார்ப்பதற்காகவே ஆட்கள் வரிசையில் வந்து நிற்கிறார்கள். அதற்குப் பிறகு நடப்பவை கனமானவை. பாலியல் வன்முறையும் உண்டு, தெரிந்துகொண்டே திறப்பது நல்லது. ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தது கேட் அந்த ஆண்களைப் பார்க்கும் விதம். வீட்டைவிட்டு மாதக்கணக்கில் தனியாகக் கிடப்பது மனிதனை என்ன செய்கிறது என்று அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே போகிறார். நடந்த தீங்கு எதையும் அவர் சின்னதாக்கிச் சொல்வதில்லை. அதே சமயம், அன்பாக இருந்தவர்களையும் மறக்காமல் முகத்தோடு வரைந்து வைக்கிறார். அந்த நிலத்தின் பூர்வகுடி மூதாட்டி ஒருவர் தங்கள் தண்ணீருக்கும் மண்ணுக்கும் என்ன ஆயிற்று என்று பேசுவதும் புத்தகத்தில் இருக்கிறது. டக்ஸ் என்ற தலைப்பு 2008-இல் அங்கே ஒரு கழிவுக் குளத்தில் இறங்கிச் செத்துப்போன வாத்துகளைக் குறிக்கிறது. 1,600-க்கும் மேற்பட்ட வாத்துகள்.

என் சித்தப்பா 14 வருஷம் குவைத்தில் இருந்தவர். ஆங்கிலம் சரளமாகப் படிக்க வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டிக் காட்டிக் கதையைச் சொன்னேன். தொழிலாளர்கள் தங்கும் இடம் வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அங்கயும் கேம்ப்னுதான் சொல்வாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கப்புறம் நான் கதை சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவரே படங்களைப் பார்த்துப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்.

உங்களுக்கு இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நாம் டெக்ஸ் படித்துப் பழகிய வேகத்தில் இந்தப் புத்தகங்களைப் படித்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். அங்கே குதிரை ஓடும், துப்பாக்கி வெடிக்கும், நாம் பேச்சு பலூனில் இருப்பதைப் படித்துக்கொண்டே பறப்போம். இங்கே முக்கியமான படக் கட்டத்தில் பெரும்பாலும் பலூனே இருக்காது. ஒரு முகம், ஒரு ஜன்னல், காலியான ரோடு, அவ்வளவுதான். அந்த இடத்தில் நின்றால்தான் கதை உள்ளே இறங்கும். எனக்கு இது புரிய இரண்டு மூன்று புத்தகங்கள் ஆயின. இப்போது பேச்சில்லாத கட்டம் வந்தால் வேண்டுமென்றே நிறுத்திவிடுகிறேன்.

அதைச் சரியாகக் கற்றுக்கொடுத்தது 'கிராஸ்' (Grass). கொரியாவின் கியும் சுக் ஜெண்ட்ரி-கிம் வரைந்தது, ஆங்கிலத்தில் 2019-இல் வந்தது. லீ ஓக்-சன் என்ற நிஜப் பெண்மணியின் வாழ்க்கை. வறுமையில் வீட்டார் சிறுமியை இன்னொருவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். பள்ளிக்கு அனுப்புவார்கள் என்று நம்பிப் போனவள் வேலைக்காரியாகிறாள். 1942-இல் அவளைப் பிடித்துச் சீனாவில் ஜப்பானிய ராணுவத்தின் பாலியல் அடிமை முகாமில் தள்ளுகிறார்கள். போர் முடிந்தும் ஊர் திரும்ப முடியவில்லை. தாய்நாட்டுக்கு வந்து சேர்ந்தது 2000-இல்.

இந்தக் கதையைப் படமாகக் காட்டுவதில் பெரிய ஆபத்து இருக்கிறது. வன்முறையை அப்படியே வரைந்தால் அந்தச் சிறுமியை மறுபடியும் வேடிக்கைப் பொருளாக்கியதாகிவிடும். கியும் சுக் அதைச் செய்யவில்லை. மிக மோசமான இடத்தில் கட்டங்கள் கறுப்பாகிவிடுகின்றன, வெறும் மை. மற்ற இடங்களில் மரம், கிளை, புல், காற்று என்று தூரிகையால் இழுத்து இழுத்து வரைகிறார். மிதிபட்டாலும் மறுபடி நிமிரும் புல்தான் தலைப்பு. முதுமையில் லீயைச் சந்தித்துப் பேசும் காட்சிகளும் நடுநடுவே வருகின்றன, அவர் சிரிக்கும் இடங்கள் கூட உண்டு. கிட்டத்தட்ட 500 பக்கம், நம் பாஷையில் சொன்னால் குண்டு புக். ஆனால் ஒரே மூச்சில் முடிக்க முயல வேண்டாம்.

இந்த இரண்டுக்கும் பிறகு மனசுக்குக் கொஞ்சம் காற்று வேண்டும். அதற்கு எகிப்தின் தீனா முகமது எழுதிய 'ஷுபெய்க் லுபெய்க்'. பூதம் வந்து "உன் ஆசை என் கட்டளை" என்று சொல்லும் அல்லவா, அந்த வாசகத்தின் அரபு வடிவம்தான் தலைப்பு. கதை நடக்கும் கெய்ரோவில் வரங்களை விலைக்கு விற்கிறார்கள். முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று பிரித்திருக்கிறார்கள். மலிவான மூன்றாம் தர வரத்தை நம்பி எதையாவது கேட்டால் அது எடக்குமடக்காகப் பலித்துத் தொலைக்கும். தெருவோரம் பெட்டிக்கடை வைத்திருக்கும் ஷுக்ரியிடம் மூன்று முதல் தர வரங்கள் இருக்கின்றன. அவை யார் யாரிடம் போகின்றன என்பதுதான் மூன்று கதைகள்.

முதல் கதையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அஸீஸா என்ற ஏழை விதவை வருஷக்கணக்கில் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு வரம் வாங்குகிறாள். அதைப் பதிவு செய்ய அரசு அலுவலகத்துக்குப் போனால், உன்னைப் போன்றவளிடம் இது எப்படி வந்தது, திருடினாயா என்று பிடித்து உள்ளே போடுகிறார்கள். வரத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடு என்று வற்புறுத்துகிறார்கள். அவள் அசையவில்லை. மந்திரக் கதையை இப்படி ஒரு தாலுகா ஆபீஸ் வரிசைக்குள் கொண்டுவந்து நிறுத்த முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. முதலில் அரபியில் வெளிவந்து, 2017-இல் கெய்ரோவின் காமிக்ஸ் விழாவில் பெரிய பரிசு பெற்றது. 2023-இல் தீனாவே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ஆங்கிலப் பதிப்பும் அரபியைப் போலவே வலமிருந்து இடமாகத்தான் போகும். மங்கா என்ற ஜப்பானிய காமிக்ஸ் படித்தவர்களுக்குப் பழக்கம் இருக்கும், மற்றவர்களுக்கும் பத்துப் பக்கத்தில் கண் பழகிவிடும்.

சரி, குதிரையும் துப்பாக்கியும் இல்லாமல் முடியாது என்றால் 'அண்டர்டேக்கர்' தொடர். ஸேவியே டோரிஸோன் கதை, ரால்ஃப் மேயர் ஓவியம், பிரெஞ்சில் 2015-இல் தொடங்கியது. ஹீரோ பிணம் அடக்கம் செய்பவன். முதல் கதையில் ஒரு சுரங்க முதலாளி தன் தங்கத்தை யாருக்கும் விடக்கூடாது என்று விழுங்கிவிட்டுச் சாகிறான். அந்தப் பிணத்தைச் சுமந்துகொண்டு ஓட வேண்டும். கேப்டன் டைகரை நேசித்தவர்களுக்கு அந்தப் பாலைவனப் பக்கங்களே போதும்.

டெஸ்ஸா ஹல்ஸ் எழுதிய 'ஃபீடிங் கோஸ்ட்ஸ்' 2025-இல் தன்வரலாற்றுக்கான புலிட்சர் பரிசு பெற்றது. சீனாவிலிருந்து தப்பி வந்த பாட்டி, அம்மா, மகள் என்று மூன்று தலைமுறை. நல்ல புத்தகம்தான், ஆனால் பக்கம் முழுக்க எழுத்தும் மையும் அடர்ந்து கிடக்கும். கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழிலேயே படிக்க விரும்பினால் இரண்டு இருக்கின்றன. புத்தம் புதியவை கிடையாது, ஆனால் நம் காமிக்ஸ் வட்டத்தில் பலர் இன்னும் தொடாதவை. மர்ஜானே சத்ரபியின் பெர்செபோலிஸ், விடியல் பதிப்பகம் வழியாக 'ஈரான்: ஒரு குழந்தைப் பருவத்தின் கதை' என்று வந்தது. மற்றது 'பீமாயணம்', அம்பேத்கரின் வாழ்க்கை. நவயானா 2011-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டது, அதே பெயரில் தமிழிலும் இருக்கிறது. வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற பர்தான் கோண்டு பழங்குடி ஓவியத் தம்பதி. இதில் கட்டங்களே கிடையாது. மனிதர்களைப் பெட்டிக்குள் அடைக்க அவர்களுக்கு மனமில்லை. பலூன்களைப் பாருங்கள்: அன்பாகப் பேசுபவரின் பேச்சு பறவை வடிவத்தில் இருக்கும், சாதி பார்த்துப் பேசுபவரின் பேச்சுக்குத் தேள் கொடுக்கு முளைத்திருக்கும். ரயில் பாம்பாக வளைந்து வரும். முப்பது வருஷமாகக் காமிக்ஸ் படிக்கும் எனக்கு, பேச்சு பலூனை இப்படியும் வரையலாம் என்று அன்றுதான் தெரிந்தது.

ஒன்றை வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன். 'வன்னி', 2019. பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லிண்ட்சே பொல்லாக் வரைந்தது. டிக்ஸ் ஐ.நா. ஊழியராக இலங்கையின் வன்னியில் இருந்தவர். 2008 செப்டம்பரில் ஐ.நா. கிளிநொச்சியிலிருந்து வெளியேறியபோது, போகாதீர்கள் என்று மக்கள் வாசலில் நின்று கெஞ்சினார்கள். அவர்களை விட்டுவிட்டு வந்த பாரம் டிக்ஸிடம் இருந்தது. தப்பி வந்தவர்களின் வாக்குமூலங்களைக் கேட்டு, அவற்றிலிருந்து கற்பனையாக ஒரு குடும்பத்தை உருவாக்கி இந்தக் கதையைச் சொல்கிறார். சுனாமியில் பிழைத்தவர்கள் போருக்குள் போகிறார்கள், ஒவ்வொரு இடப்பெயர்விலும் கையில் இருக்கும் சாமான் குறைகிறது, உடன் இருக்கும் ஆட்களும் குறைகிறார்கள்.

நான் படித்தது ஆங்கிலத்தில். ஆனால் அந்த முகங்கள் என் காதில் தமிழில்தான் பேசின. செய்திகளில் எண்ணிக்கையாகக் கேட்டுப் பழகியிருந்தேன். இங்கே அது சமைப்பதும் பிள்ளையைத் தூக்குவதும் மூட்டை கட்டுவதுமாக, கறுப்பு வெள்ளைக் கோடுகளில் மெதுவாக வந்தது. படித்து முடித்த இரவு வேறு எதையும் திறக்க முடியவில்லை. நீங்களும் இதை முடித்துவிட்டு அடுத்த புத்தகத்துக்கு இரண்டு நாளாவது இடைவெளி விடுங்கள்.